உன் முகத்தில் கட்டிவிட்ட முயல்

சந்தனம் காய்ந்திருந்த உன் மொட்டைத் தலையில், இடது காதுக்குச் சற்று மேலே, ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. இன்று காலையில் உன்னை மடியில் போட்டபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். நேற்றுத்தான் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில், என் அம்மா வீட்டில் வைத்து, உனக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். காதுப் புண்ணுக்கு மஞ்சள் குழைத்து வைக்கலாம் என்று உட்கார்ந்த நான், மஞ்சளை மறந்துவிட்டு அந்தப் பஞ்சை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். ஊதினால் பறந்துவிடும், அவ்வளவுதான் அது. ஆனால் எனக்குக் கோபம் குப்பென்று ஏறியது. இப்போதும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தம்பியின் பழைய நோட்டில் தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கோபம் அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி மாதிரி. நாக்கைச் சுடும் என்று பயந்து தள்ளி வைப்பேன். பிறகு எடுத்துப் பார்த்தால் ஏடு படிந்து ஆறிக் கிடக்கும், எனக்கே வேண்டியிருக்காது. இந்த முறை அதைச் சூட்டோடு உனக்கு எடுத்து வைக்கிறேன்.

தொட்டிலில் வாயில் விரலைப் போட்டுத் தூங்குகிற ஒரு வயதுப் பிள்ளைக்கு நான் இதை எழுதவில்லை. நீ வளர்ந்து, என் உயரமோ அதற்கு மேலோ ஆகி, கல்யாணமோ வேலையோ ஏதோ ஒன்றுக்காக ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு உள்ளவளுக்கு எழுதுகிறேன். எனக்கு இப்போது பத்தொன்பது வயது. ஒருவேளை அன்றைக்கு நீ இப்போதைய என்னைவிடப் பெரியவளாகக்கூட இருக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள். விஷயத்தில் தப்பில்லை.

முதலில் உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நான் மாறியிருப்பேன் என்று ஒரு நம்பிக்கை. நான் பேசமாட்டேன். யாராவது பெயர் கேட்டால்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பேன். என் அப்பா தேர்த் திருவிழாவில் காகிதக் காற்றாடியும் முகமூடியும் விற்றவர். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் வெட்டுவேன், ஒட்டுவேன், ஈர்க்குச்சியில் கோப்பேன். என் கை வேகமாக ஓடும். ஆனால் அப்பா டீக் குடிக்கப் போனால் வியாபாரம் நின்றுவிடும். "என்னத்தா, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? காத்தாடி காத்தாடின்னு ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?" என்பார். பக்கத்துக் கடை வளையல்காரர், "பிள்ள அடக்கமா இருக்குன்னு சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு" என்று எனக்காகப் பேசுவார். அந்த அடக்கம் என்ற சொல்லைக் கேட்டு நான் அப்போது பெருமைப்பட்டேன். இப்போது அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பறையில் தனியாக இருந்தவள் நான். கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம், அதனால் எப்போதுமே அங்கேதான் இருப்பேன். டீச்சர் என்னை எழுப்பி, "எடுத்தியா?" என்றார். இல்லை என்ற ஒரு வார்த்தை தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. "பேசாம நின்னா ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்" என்றார். மறுநாள் அந்தப் பாக்ஸ் அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே கட்டிலுக்குக் கீழே கிடைத்ததாம். அதை என்னிடம் வந்து யாரும் சொல்லவில்லை. நானும் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் ஒருவரும் ஏன் என்று அழுத்திக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நம் ஆட்களுக்குப் பெண்பிள்ளை படிப்பை நிறுத்தக் காரணம் தேவைப்படுவதே இல்லை, தொடரத்தான் காரணம் வேண்டும்.

கல்யாணமாகி இராஜபாளையம் வந்தேன். உன் அப்பாவுக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. நான் பேண்டேஜ் கம்பெனியில் சேர்ந்தேன். காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியை வெட்டி, மடித்து, சுருட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது எங்கள் புருவம், இமை, மூக்கு நுனி எல்லாம் பஞ்சு படிந்திருக்கும். உன்னையும் தூக்கிக்கொண்டு போய் மேசைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் உட்கார வைத்துவிடுவேன். எனக்குப் பக்கத்தில் மடிக்கிறவர் மாரியக்கா. அவர் எனக்கு வைத்த பெயர் ஊமச்சி. ஆனால் அன்பாகத்தான் கூப்பிடுவார், நீ அழுதால் தூக்கி வைத்துக்கொள்வதும் அவர்தான்.

கம்பெனி முதலாளியின் வீடு அதே காம்பவுண்டுக்குள் இருந்தது. முதலாளியம்மாவுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். அவர் மகனுக்கு மூன்று வயது நிறையப் போகிறது என்று அமெரிக்காவில் இருக்கிற அவருடைய தம்பி ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார். அட்டையில் தரையெல்லாம் பனி. இரண்டு வெள்ளை முயல்கள் நின்றுகொண்டு கேக் வெட்டின. அந்த அட்டையைப் பார்த்ததும் அவருக்குப் பிறந்தநாளையே அப்படிச் செய்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மதுரையில் யாரோ சொந்தக்காரர் வீட்டில் மீன்தொட்டி மாதிரி வீட்டை ஜோடித்துக் கொண்டாடியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மீனுக்கு மேலே போக வேண்டாமா. "நம்ம ஊர்ல பனிக்கு எங்க போக? ஆனா பஞ்சுக்கு என்ன பஞ்சம்? கழிவுப் பஞ்சு மூட்டை மூட்டையாக் கெடக்கு" என்று சிரித்தார். யாருக்குக் கைவேலை வரும் என்று விசாரித்தபோது மாரியக்கா என்னைக் காட்டிவிட்டார். "ஏட்டி ஊமச்சி, பங்களாவுக்கு வரச் சொல்லுதாவ. போயிட்டு வா. ஆனா அங்கயும் இப்படி நிலத்தப் பாத்துக்கிட்டு நிக்காத, டைல்ஸ் தேய்ஞ்சிரும்."

இரண்டு வாரம் போனேன். அந்த இரண்டு வாரமும் நன்றாக இருந்தது என்பதையும் நான் மறைக்காமல் எழுத வேண்டும். முதலாளியம்மா என்னோடு தரையில் உட்கார்ந்து அட்டை வெட்டினார். தனக்குக் கலந்த காப்பியை எனக்கும் அதே மாதிரி டம்ளரில் கொடுத்தார். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சும்போது கட்டி தட்டிவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அவர் கெட்டவர் அல்ல, மகளே. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. மழை பெய்தால் நனைவோம் என்று தெரிந்துதானே வெளியே போகிறோம். குடை பிடித்தவர் நடுவழியில் குடையை மடக்கினால்தான் வலிக்கிறது.

முயல் முகங்கள் செய்தேன், வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒவ்வொன்று. பேண்டேஜ் பெட்டியின் அட்டையை முகத்தளவு வெட்டி, கண்ணுக்குத் துளை போட்டு, மேலே பஞ்சை மெல்லிசாகப் பிரித்து ஒட்டினேன். காதுக்குள் ரோஸ் கலர் பொடி. மீசைக்கு ஈர்க்குச்சி. ஒவ்வொன்றும் முடிந்ததும் கண்துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் முகத்தில் வைத்து உன்னை எட்டிப் பார்ப்பேன். நீ முதல் தடவை மிரண்டாய். முகமூடியை விலக்கி என் முகத்தைக் காட்டியதும் சிரித்தாய் பார், அப்படி ஒரு சிரிப்பு. பிறகு அதுவே விளையாட்டு ஆகிவிட்டது. முயல் வந்தால் அதற்குள் அம்மா இருப்பாள் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த நீ, ஒட்டிக் காயப்போட்ட முயல்களிடம் தத்தித் தத்திப் போய் ஒவ்வொன்றையாகத் தூக்கி அதற்குப் பின்னால் என்னைத் தேடினாய். முதலாளியம்மாவும் அதைப் பார்த்து ரசித்தார். "இவளுக்கும் ஒண்ணு செஞ்சிரு" என்று அவரே சொன்னார். பிறகு மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இரண்டு விஷயத்தை மட்டும் கவனமாகப் படி. நான் மூக்குக்குச் சிவப்புக் காகிதம் உருட்டி ஒட்டியிருந்தேன். அவர் அந்த வாழ்த்து அட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, "செவப்பு வேண்டாம், எடுத்துரு. இதுல பாரு, மூக்கும் வெள்ளதான். பஞ்சையே ரெண்டு உருண்டையா வையி" என்றார். வைத்தேன். பிறகு கட்டுவதற்கு எலாஸ்டிக் வேண்டும் என்று கேட்டேன். அங்கே நானாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். "எலாஸ்டிக் பிள்ளைக காத அறுக்கும். பேண்டேஜ் துணியையே நாடாவாக் கிழிச்சு, தாடைக்குக் கீழ சுத்தி உச்சியில முடிச்சிப் போட்டுரு. மெத்துன்னு இருக்கும், விழவும் விழாது." அப்படியே கிழித்து வைத்தேன்.

இதைப் படிக்கிறபோதே உனக்கு என்னவென்று தெரிந்திருக்கும். எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பாய். அவருக்கும் தெரியவில்லை, ஹாலில் வெள்ளைத் துணியைத் திரைத்திரையாகத் தொங்கவிட உதவிய மாரியக்காவுக்கும் தெரியவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற முதலாளிக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து மாலைவரை வெள்ளைக்குள்ளேயே கிடக்கிற ஆட்கள் நாங்கள். மற்ற ஊரில் வெள்ளைத் துணியைப் பார்த்தால் வேறு எதெல்லாமோ தோன்றும். எங்களுக்கு அது துணி, மீட்டர், பெட்டி. கண் மரத்துப்போயிருந்தது.

பிறந்தநாள் அன்று சாயங்காலம் வீடு உண்மையிலேயே அழகாக இருந்தது. தரையில் பஞ்சு, மேலே துணி, நடுவில் மேசையில் முயல் மாதிரியே ஒரு கேக். வீடியோக்காரர் பெரிய லைட்டைப் போட்டதும் எல்லாம் பளபளவென்று மின்னியது. பிள்ளைகள் வரிசையாக முயல் முகத்தோடு நின்றார்கள். உன் அப்பாவுக்கு அன்று மாலை ஷிப்ட், அதனால் உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நீ பின்பக்கம் சமையல்கட்டு வாசல்படியில் உட்கார்ந்து உள்ளே தெரிந்த முயல்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாய். நான் ஹாலின் ஓரத்தில், அவிழ்ந்துபோகிற முடிச்சுகளைச் சரிசெய்ய நின்றேன்.

அப்போது முதலாளியின் அக்கா சாத்தூரிலிருந்து வந்து சேர்ந்தார். கார் வழியில் நின்றுவிட்டதாம், அதனால் தாமதம். கையில் பட்டுச்சட்டை டப்பாவோடு வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியவர் மறுசெருப்போடு அப்படியே நின்றார். அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"யாரு எறந்தது?"

யாருக்கும் புரியவில்லை. அவர் நேராகப் போய்ப் பையனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "மூக்குல பஞ்சு. தாடையில நாடிக்கட்டு. எம் மருமகன உசுரோட பாடையில ஏத்துறதுக்குத்தான் எல்லாரையும் கூப்பிட்டு வச்சிருக்கியளா?"

அந்த ஒரு நொடியில் எல்லாருக்கும் கண் திறந்துவிட்டது. எனக்கும்தான். செத்தவருக்கு மூக்கில் பஞ்சு வைத்து, வாய் திறந்துவிடாமல் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் உச்சியில் முடிந்து வைப்பதை நம் ஊரில் பார்க்காதவர் யார்? அதேதான். அத்தனை பிள்ளைகளும் அதே கோலத்தில் கேக்கைச் சுற்றி நின்றார்கள். அம்மாமார் ஓடிவந்து தங்கள் தங்கள் பிள்ளைகளின் முகத்திலிருந்து பிய்த்து எறிந்தார்கள். பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் அழுதார்கள். வீடியோக்காரர் லைட்டை அணைத்தார்.

"யாரு செஞ்சது இத?" என்றார் சாத்தூர் அம்மா.

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது, எனக்குத் தெரிந்தது. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் எலாஸ்டிக்தான் வாங்கச் சொன்னேன் மதினி. மூக்குக்குச் செவப்பு வைக்கச் சொன்னேன். இவதான் கேக்கல. இதுகளுக்கு என்ன தெரியும்."

என் தொண்டையில் அதே பழைய வார்த்தை வந்து நின்றது. இல்லை. ஒரு சொல். அது வெளியே வரவில்லை. நான் தரையைப் பார்த்தேன். தரையெல்லாம் பஞ்சாகக் கிடந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உனக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். திட்டு வாங்குவது எனக்குப் பழக்கம். ஆனால் சாத்தூர் அம்மா பையன் முகத்திலிருந்து அவிழ்த்த முயலைக் கையில் வைத்துக்கொண்டு, "இத வெறுமன கீழ போடக் கூடாது. தோசம் இங்கயே நிக்கும். வேற பிள்ள மூஞ்சில ஒருதரம் கட்டித்தான் வெளிய அனுப்பணும். பின்னால யாரு பிள்ளையாவது இருக்கா?" என்றார்.

யாரு பிள்ளையாவது. இந்தச் சொல்லை நீ மறக்கக் கூடாது. அப்படி ஒரு சடங்கு இருப்பதாக நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அந்த நேரத்துப் பயத்தில் அவராகவே சொல்லியிருக்கலாம். ஆனால் தோஷம் போகக் கழிப்பு கழித்த பொருளை வேறு ஒருவர் கையில் கொடுத்து அனுப்புவது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அதை வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டும், அந்தக் கை வீட்டின் எந்தப் பக்கத்தில் நிற்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். முதலாளியம்மா முயலை வாங்கிக்கொண்டு சமையல்கட்டு வாசலுக்குப் போனார். குனிந்து, சிரித்த முகத்தோடு, "இந்தா கண்ணு, ஒனக்கும் ஒண்ணு தாரேன்னு சொன்னேன்ல" என்று உன் முகத்தில் வைத்துத் தாடையைச் சுற்றிக் கட்டினார்.

நீ அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாளாக உனக்குக் கிடைக்காத முயல் கிடைத்துவிட்டது. உன் முகத்துக்குப் பெரிதான அந்தத் துளைகள் வழியாக நீ என்னைத் தேடினாய். கண்டுபிடித்ததும் உள்ளேயிருந்து சிரித்தாய், கையைத் தட்டினாய். இந்தத் தடவை முயலுக்குள் நீ இருக்கிறாய், நான் வந்து விலக்கிப் பார்க்க வேண்டும், அதுதானே ஆட்டம். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட, ஏன் அந்தப் பிள்ளைக்கு என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னை அந்த முயலோடே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். "விடு. அவிய வீட்டு விசேசம், பதட்டத்துல ஏதோ பண்ணிட்டாவ. பிள்ள சிரிச்சுக்கிட்டுத்தான இருந்துச்சு, அதுக்கு என்ன தெரியும்?" என்றார். அதற்கு என்ன தெரியும் என்பதுதான் அவருக்கும் சமாதானம். முதலாளியம்மாவும் அதே சொல்லைத்தான் என்னைப் பற்றிச் சொன்னார். தெரியாதவர்களுக்கு எதை வேண்டுமானாலும் கட்டிவிடலாம் போலிருக்கிறது. மறுநாள் மாரியக்கா உப்பும் மிளகாயுமாக வந்து உனக்குச் சுற்றிப் போட்டார். "அந்த எழவெடுத்த முயல முச்சந்தியில போட்டுக் கொளுத்துட்டி" என்றார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. அந்த வாரம் முழுவதும் உன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், நீ தும்மினால்கூட எழுந்து விளக்கைப் போட்டேன். ஆனால் கொளுத்த மனம் வரவில்லை. என் கையால் செய்தது, நீ ஆசைப்பட்டது. அதை ட்ரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன். நீ பெட்டியைக் கையால் தட்டி அழுதாய். எடுத்துத் தரவில்லை. உன் விளையாட்டுச் சாமானைப் பிணத்தின் சாமான் ஆக்கிவிட்டார்கள்.

பத்து நாள் போயிருக்கும். மாரியக்கா ஒரு பெரிய பையோடு வந்தார். பை நிறையப் பச்சைக் காகிதம், சிவப்பு ஜிகினா. "இங்கிலீஸ் தேதி கெட்டுப்போச்சுல்லா, நச்சத்திரப் பொறந்தநாளுக்கு மறுபடியும் செய்யப் போறாவளாம். இந்தத் தடவ கிளி. ஒரே பச்ச, வெள்ளங்கிற பேச்சே கிடையாது. ஒன்னயத்தான் செய்யச் சொன்னாவ. ஒன் கை மாதிரி வராதாம்."

நான் பேசவில்லை.

"அன்னைக்கு வீட்லயும் கூடமாட நிக்கணுமாம். அன்னைக்குத்தான ஒம் பிள்ளைக்குக் காது குத்துன்னு நானே சொன்னேன்ட்டி. ‘காது எங்க ஓடியா போவுது, அடுத்த மாசம் குத்திக்கிடச் சொல்லு’ன்னுட்டாவ. நீ என்ன சொல்லுத?"

நான் அப்போதும் பேசவில்லை.

"சரி, அப்போ வாரேன்னு சொல்லிருதேன்" என்று பையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

பார்த்தாயா? நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சம்மதம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் பேசாமல் நின்றதும் திருடி ஆனேன். அந்த ஹாலில் பேசாமல் நின்றதும் பிணம் ஜோடித்தவள் ஆனேன். இப்போது பேசாமல் உட்கார்ந்ததும் கிளி செய்ய ஒத்துக்கொண்டவள் ஆகிவிட்டேன். உன் வாயை நீ சும்மா வைத்திருந்தால் அது காலியாக இருக்காது, மகளே. யாராவது வந்து தங்கள் வார்த்தையை அதில் வைத்துவிட்டுப் போவார்கள், பிறகு அது உன் வார்த்தை. உன்னை யாராவது அடக்கமான பிள்ளை என்று புகழ்ந்தால், அவருக்கு உன்னிடம் என்ன ஆக வேண்டியிருக்கிறது என்று முதலில் பார். உன் பிள்ளையை நீ எங்கேயாவது கூட்டிப்போனால் அது எந்த வாசலில் உட்கார வைக்கப்படுகிறது என்று பார். உன்னோடு தரையில் உட்கார்ந்து காப்பி குடிப்பவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பயம் வருகிற நாளில் அவர் யாரைக் கைகாட்டுகிறார் என்று தெரிகிறவரை உன் நன்றியைக் கொஞ்சம் கையிலேயே வைத்துக்கொள்.

அந்தப் பையை நான் பிரிக்கவே இல்லை. அது சுவரில் சாய்ந்துகொண்டே இருந்தது. முந்தாநாள் மதியம், ஸ்ரீவில்லிபுத்தூர் புறப்படுவதற்காக ட்ரங்குப் பெட்டியைத் திறந்து உன் புதுச்சட்டையை எடுத்தேன். அடியில் முயல் கிடந்தது. நீ பார்த்துவிட்டாய், ஓடிவந்து பிடுங்கினாய். சரி என்று என் முகத்தில் வைத்து உன்னை எட்டிப் பார்த்தேன். நீ சிரித்தாய். அதற்குள் இருந்துகொண்டே, முதலாளியம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சும்மா உன்னிடம் சொல்லிப் பார்த்தேன். சத்தமாக வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முகமூடியை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. மறுபடியும் வைத்துச் சொன்னேன், வந்தது. என் முகம் யாருக்கும் தெரியாவிட்டால் எனக்குக் குரல் இருக்கிறது என்பது பத்தொன்பது வயதில் எனக்குத் தெரிந்தது.

துணி நாடாவைத் தாடைக்குக் கீழே சுற்றி உச்சியில் முடிந்தேன், அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் நம் துணிப்பையும் மறுதோளில் அந்தப் பச்சைக் காகிதம் இருந்த பையுமாகத் தெருவில் நடந்தேன். டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சமையல்கட்டுப் பக்கம் போகாமல் முன்வாசலுக்குப் போனேன். விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்தார்கள். சாத்தூர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. சத்தம் கேட்டு முதலாளியம்மா உள்ளேயிருந்து வந்தார்.

"ஏட்டி, என்னது இது கோலம்? முதல்ல அதக் கழட்டு."

"கிளி செய்யலம்மா. பேப்பர் அப்படியே இருக்கு" என்று பையைப் படியில் வைத்தேன்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு? நல்ல நாளும் பொழுதுமா..."

"மூக்குல பஞ்சு வைக்கச் சொன்னது நீங்க. நான் எலாஸ்டிக் கேட்டேன், துணிய நாடியில கட்டச் சொன்னதும் நீங்க. எல்லாம் தெரிஞ்சபொறவு எம் பிள்ளைக்குக் கட்டிவிட்டதும் நீங்கதான்." அவ்வளவுதான் நான் சேர்த்து வைத்திருந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தைகூட இல்லை.

சாத்தூர் அம்மா என்னைப் பார்க்கவில்லை. தன் தம்பி மனைவியைப் பார்த்தார். "அப்படியா?" என்றார்.

முதலாளியம்மா விறுவிறுவென்று படியிறங்கினார். என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நாளைக்கு வேலைக்கு வரணும்ல நீ?" என்றார். அவர் கண்ணில் அன்றைக்குப் பார்த்த அதே பயம் இருந்தது. எனக்கு ஒரு நொடி அவர்மேல் இரக்கம் வந்தது. வந்த இடத்திலேயே அதை நிறுத்திவிட்டேன்.

"வரமாட்டேன்" என்றேன்.

உன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. நேற்றுக் காது குத்துக்கு வந்தார், உன்னைக் கொஞ்சினார், என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசுவார். பேசாவிட்டால் நான் பேசுவேன். முந்தாநாள் நான் வெளியே வந்தபோது மாரியக்கா மட்டும் கம்பெனிக்குள்ளிருந்து கேட் வரைக்கும் ஓடிவந்து, என் முகத்தில் இருந்த முயலைப் பார்த்துத் திகைத்து நின்று, பிறகு உன் கன்னத்தைக் கிள்ளி, "ஒங்கம்மா பேசிட்டாட்டி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் நிற்காமல் நடந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம். டவுன் பஸ் வந்ததும் முன்படியில் ஏறினேன். ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார், இரண்டு பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீ என் இடுப்பில் இருந்தபடி முயலின் காதை இழுத்து, பஞ்சைப் பிய்த்து, உன் தலையெல்லாம் போட்டுக்கொண்டாய்; மொட்டை போட்ட பிறகும் அந்த விளையாட்டை நீ விடவில்லை. கண்டக்டர் பக்கத்தில் வந்து, "முயலு எங்க எறங்கணும்?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

முகமூடியைக் கழற்றாமலே, "ஸ்ரீவில்லிபுத்தூர் ஒண்ணு" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.